சிசேரியனுக்குப் பின் வயிறு உப்புசம்: முதல் நாளிலிருந்து ஆறாவது வாரம் வரை

2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன் முறையில் நடந்தவை. இந்திய அளவில் இது 21.5 விழுக்காடு. இங்கே ஏறத்தாழ இரண்டில் ஒரு தாய் வயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறார். அவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, குழந்தை வெளியே வந்த பிறகும் வயிறு ஏன் இப்படி உப்பிக் கிடக்கிறது என்பதுதான். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதல் சில நாள்களில் வயிறு கல்லுப்போல் இருப்பது குடலில் தேங்கிய வாயுவால். அடுத்த சில வாரங்கள் அடிவயிறு மேடாக இருப்பது இன்னும் முழுதாகச் சுருங்காத கருப்பையால். அதற்குப் பின்னும் தொப்பை தளர்ந்து நிற்பது விலகிப்போன வயிற்றுத் தசையால். மூன்றுக்கும் வெவ்வேறு கவனிப்பு தேவை என்பதால், எது எதனால் என்று பிரித்துப் பார்ப்பதே முதல் வேலை.

வயிற்றைத் திறந்து செய்யும் எந்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் குடல் சிறிது காலம் அசைவற்றுப் போகும். சிறுகுடல் சில மணி நேரத்தில் விழித்துக்கொள்ளும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள் ஆகலாம். பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். அதுவரை விழுங்கிய காற்றும் குடலில் உண்டாகும் வாயுவும் வெளியேற வழியின்றித் தேங்குகின்றன. அறுவையின்போது வயிற்றுக்குள் புகுந்த காற்று, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையை உறுத்தினால் தோள்பட்டையில்கூட வலி தெரியும். அதைக் கண்டு தனியாக ஏதோ நேர்ந்துவிட்டதென்று பலர் பயந்துபோகிறார்கள். வார்டில் செவிலியர் வந்து வந்து "காற்று பிரிந்ததா?" என்று கேட்பது, குடல் மீண்டும் வேலை தொடங்கிவிட்டதை அறிவதற்காகத்தான். கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கள்; காற்று வந்தால் அடக்கவும் வேண்டாம்.

இந்த நிலையில் சிறந்த மருந்து நடைதான். முதுகில் போட்ட ஊசியின் மரமரப்பு நீங்கும்வரை படுக்கையிலேயே கணுக்காலை மேலும் கீழுமாக அசைப்பதும், ஆழ்ந்து மூச்சு இழுத்து விடுவதும், முழங்கால்களை மடக்கி மெதுவாக இருபக்கமும் சாய்ப்பதும் போதும். கால்களில் பலம் திரும்பியதும், செவிலியர் அனுமதியுடன், ஒருவரின் துணையோடு எழுந்து நில்லுங்கள். எழும்போது மல்லாந்த நிலையிலிருந்து நேராக நிமிரக் கூடாது. முழங்கால்களை மடக்கி, உடல் முழுவதையும் ஒருசேர ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கீழ்ப்பக்க முழங்கையையும் மறுகையின் உள்ளங்கையையும் ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். இப்படிச் செய்தால் தையல் இழுபடாது. இருமல், தும்மல், சிரிப்பு வரும்போது ஒரு தலையணையைத் தையலின்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அறைக்குள் இரண்டு சுற்று நடந்தாலே முதல் நாளுக்குப் போதும். ஒரே தடவையில் வெகுதூரம் போவதைவிட அடிக்கடி எழுந்து சிறிது சிறிதாக நடப்பதே குடலை அசைக்கும். காலில் இரத்தம் உறைவதைத் தடுப்பதிலும் இந்த நடைக்குப் பங்குண்டு.

வலி மாத்திரையைத் தவிர்ப்பதே தாய்ப்பாலுக்கு நல்லது என்று எண்ணி வலியைப் பொறுத்துக்கொள்வோர் உண்டு. வலித்தால் நடக்க முடியாது, நடக்காவிட்டால் உப்புசம் இறங்காது என்பதால் இந்தப் பொறுமை எதிர்விளைவையே தரும். பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவை பால் கொடுக்கும் தாய்மார்க்கு வழக்கமாகத் தரப்படுபவையே; மருத்துவர் சொன்ன நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். அபின் வகையைச் சார்ந்த கடும் வலிமருந்துகள் குடலை மந்தமாக்கும். அவற்றில் சில குழந்தைக்குத் தூக்கக் கலக்கத்தைத் தரும் என்பதால் அவை மருத்துவரின் முடிவுக்கே உரியவை.

காற்று பிரியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்ற பழைய கட்டுப்பாடு இப்போது பெருமளவு தளர்ந்துவிட்டது. அறுவைக்குப் பின் விரைவாக மீள்வதற்காக 2019-இல் வெளியான ஈராஸ் வழிகாட்டுதல், சிக்கலற்ற சிசேரியனுக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்குள் வழக்கமான உணவைத் தொடங்கலாம் என்கிறது. உங்கள் மருத்துவமனை ஆறு மணி நேரம் என்று சொன்னால், உங்கள் நிலையை அறிந்தவர்கள் அவர்கள் என்பதால் அதைக் கேளுங்கள். ஆனால் அனுமதி கிடைத்த பிறகும் வீட்டார் பயந்து பட்டினி போட வேண்டியதில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, ரசம் சாதம், இட்லி என்று சிறிது சிறிதாகத் தொடங்குங்கள். உறிஞ்சுகுழலில் குடிப்பதும் சோடா கலந்த பானங்களும் வயிற்றுக்குள் காற்றைச் சேர்க்கும். மருத்துவர் அனுமதித்தால் சூயிங்கம் மெல்லலாம். இது வேடிக்கைபோல் தோன்றினாலும், மெல்லும் அசைவு சாப்பிடுவதாகக் குடலை நம்பவைத்து அசையத் தூண்டுகிறது. சிசேரியன் தாய்மார்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, மென்றவர்களுக்கு முதல் காற்று சுமார் ஏழு மணி நேரம் முந்திப் பிரிந்ததாகக் கண்டது.

வீடு திரும்பியதும் சிக்கல் வேறு வடிவில் வரும். இரும்புச்சத்து மாத்திரை, குறைந்த நடமாட்டம், முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்ற அச்சம் எல்லாம் சேர்ந்து மலச்சிக்கலைத் தரும். மலம் கட்டினால் உப்புசம் திரும்பும். இங்கே நம் பத்தியமே சில நேரம் குறுக்கே நிற்கிறது. தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று சொல்லி, பால் கொடுக்கும் பெண்ணுக்கு நாளெல்லாம் இரண்டு டம்ளர் தண்ணீர் அளந்து கொடுக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. இதற்கு எந்த அடிப்படையும் இல்லை. பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். தாய் கீரையும் பருப்பும் தின்றால் பிள்ளைக்கு வாயு பிடிக்கும் என்பதும் அத்தகையதே: தாயின் குடலில் உண்டாகும் வாயுவோ, செரிக்காத நாரோ பாலுக்குள் போவதில்லை. உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததை மட்டும் சில நாள் தள்ளிவைத்து, பீர்க்கங்காய், சுரைக்காய், பப்பாளிப் பழம், வாழைப்பழம், உலர் திராட்சை என்று நார்ச்சத்தை மெல்லக் கூட்டுங்கள். பூண்டு, சுக்கு, மிளகு, ஓமத் தண்ணீர் ஆகியவற்றைச் சமையல் அளவில் சேர்ப்பதில் தவறில்லை. லேகியத்தில் வெல்லமும் நெய்யும் மிகுதி என்பதைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் மறக்க வேண்டாம். மலமிளக்கி தேவைப்பட்டால் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். லாக்டுலோஸ் போன்ற சில மருந்துகள் தொடக்கத்தில் தாமே சிறிது வாயுவை உண்டாக்கும் என்பது தெரிந்திருந்தால் பதற்றம் வராது.

வயிற்றைப் பழைய சேலையால் இறுகக் கட்டினால் காற்று ஏறாது என்பார்கள். துணியோ, கடையில் விற்கும் பெல்ட்டோ நடக்கும்போது தையலுக்குத் தாங்கலாக இருக்கும், சிலருக்கு வலியும் குறையும், அதற்காக அணியலாம். குடலுக்குள் இருக்கும் வாயுவை அது வெளியேற்றாது, கருப்பையை விரைந்து சுருக்கவும் செய்யாது. இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டும், அழுத்தம் கீழே, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைமேல் இறங்கும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவிழ்த்துவிடுங்கள். வயிற்றில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை அடித்து ஊற்றும் பழக்கத்தைச் சிசேரியன் தாய்க்குச் செய்யவே கூடாது: தையலைச் சுற்றியுள்ள தோல் பல மாதங்கள் மரத்திருக்கும் என்பதால், சூடு பட்டுக் கொப்பளித்தாலும் உடனே தெரியாது. வெந்நீர்ப் பைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து வெதுவெதுப்பான நீரில் குளித்து, வயிற்று மடிப்பின் கீழுள்ள தையலை ஒற்றித் துடைத்து உலரவிட்டால் போதும்.

எல்லா உப்புசமும் நடந்து சரியாவதன்று. வயிறு மணிக்கு மணி பெருத்துக்கொண்டே போய்க் காற்றும் மலமும் வெளிவராமல் இருப்பது, பச்சையாகவோ மீண்டும் மீண்டுமோ வாந்தி வருவது, வலி மருந்துக்கு அடங்காமல் கூடுவது ஆகியவை குடல் முடங்கிப் பெருங்குடல் அபாயகரமாக விரிவதன் அடையாளமாக இருக்கலாம். இது அரிது, ஆனால் தாமதித்தால் குடலில் ஓட்டை விழக்கூடும். சிறுநீர்க் குழாயை எடுத்த பின் சில மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமல் அடிவயிறு வீங்கினால், அது வாயுவாக இல்லாமல் நிரம்பிய சிறுநீர்ப்பையாக இருக்கலாம். 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், தையலில் சீழ் அல்லது பரவும் சிவப்பு, நாற்றமுள்ள தீட்டு, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதாக நனையும் உதிரப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், பார்வை மங்கலோடு கடும் தலைவலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் கைவைத்தியத்தில் நேரம் கழிக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள் அல்லது மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கருப்பை தன் போக்கில் சுருங்கும். பிரசவித்தவுடன் ஏறத்தாழ ஒரு கிலோ எடையோடு தொப்புள் மட்டத்தில் நிற்கும் அது, நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் இறங்கி, இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்குள் போய்விடும். பழைய அளவுக்கு வர ஆறு வாரம் ஆகும். பால் கொடுக்கும்போது அடிவயிற்றைச் சுருட்டிப் பிடிப்பது இந்தச் சுருக்கத்தின் வலிதான், வாயு வலி அன்று.

தசைக்குத்தான் பொறுமை வேண்டும். சிசேரியனில் வயிற்றின் நடுத்தசைகளைப் பொதுவாக வெட்டுவதில்லை, விலக்கியே வழி செய்கிறார்கள். ஆனால் கர்ப்பத்திலேயே அவை விலகத் தொடங்கியிருக்கும். முதல் வாரங்களில் மூச்சை வெளிவிட்டபடி தொப்புளை மெல்ல உள்ளிழுத்துச் சில நொடிகள் நிறுத்துவதும், சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்துவதும் போதுமானவை. ஆறு வாரம்வரை குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடமும் கிரைண்டர் கல்லும் வேறொருவர் வேலையாக இருக்கட்டும். படுத்து எழும் உடற்பயிற்சிகளை மருத்துவர் பரிசோதித்த பின்னரே தொடங்குங்கள். அதன் பிறகும், மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கும்போது தொப்புளுக்கு மேலோ கீழோ இரண்டு விரலுக்கு அதிகமாக இடைவெளி தட்டுப்பட்டால், அல்லது நடுவில் மேடு எழும்பினால், இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்; தையல் தழும்பின்மேலோ தொப்புளிலோ தனியாக ஒரு புடைப்பு தெரிந்தால் அது குடலிறக்கமா என்று அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும்.