மனச்சிதைவுக்கு அதிக டோஸ் வைட்டமின்: டப்பாவைத் திறக்கும் முன்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவருக்குக் கொடுக்க நியாசின் (வைட்டமின் பி3) மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு "டாக்டர் மட்டும் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்?" என்று கேட்கும் குடும்பங்களுக்காக இது.

நடந்துகொண்டிருக்கும் மருந்தில் கால் மாத்திரைகூடக் குறைக்காதீர்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஏறத்தாழ 27 சதவீதம் பேருக்கும் நிறுத்தியவர்களில் 64 சதவீதம் பேருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியதாக பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. அந்த மருந்து க்ளோசபின் என்றால் இன்னும் கவனம் தேவை. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸை அப்படியே கொடுக்கக் கூடாது. டாக்டரைக் கேட்டு 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும்.

டாக்டர்களின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 1950களில் கனடாவின் சஸ்காட்செவானில் ஏப்ரம் ஹாஃபர், ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் நாளுக்கு 3 கிராம் அளவில் நியாசின் கொடுத்து நல்ல பலன் என்றார்கள். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் குழு இதற்குச் சான்றில்லை என்று அறிக்கை கொடுத்தது. எல்லாமே மருந்துக் கம்பெனிகளின் சதி என்று சிலர் சொல்வது சுலபமான கதை, அவ்வளவுதான். அதற்காகக் கதவு முழுக்கச் சாத்தப்படவும் இல்லை. 2017இல் 18 ஆய்வுகளை, 832 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்ததில், பி6, பி12 போன்ற பி வைட்டமின்களை அதிக டோஸில் கொடுத்தபோது அறிகுறிகள் ஓரளவு குறைந்தன. ஆனால் அவை வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டவை.

ஆகவே டாக்டரிடம் "நியாசின் கொடுக்கலாமா?" என்று தொடங்காதீர்கள். "ரத்தத்தில் பி12, ஃபோலேட் (ஃபோலிக் அமிலம்), வைட்டமின் டி அளவு பார்த்துவிடலாமா?" என்று கேளுங்கள், பேச்சு நகரும். பி12 குறைபாடே சிலருக்கு மனக்குழப்பத்தைக் கொண்டுவரும். எடை கூடியதற்காக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு பி12 குறையும் வாய்ப்பு அதிகம். குறை இருந்தால் ஈடுகட்டுவது சாதாரண வைத்தியம், யாரும் மறுக்கமாட்டார்கள். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் அள்ளிக் கொடுத்தால் பி12 குறைவால் வந்த ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும். நரம்பு சேதம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

நியாசினின் அன்றாடத் தேவை ஏறக்குறைய 16 மில்லிகிராம்; 3 கிராம் என்பது அதைப்போல இருநூறு மடங்குக்கு அருகில். சாதாரண நியாசின் விழுங்கிய அரைமணி நேரத்துக்குள் முகம், காது, கழுத்து எல்லாம் சிவந்து எரியும், அரிக்கும். "எனக்கு விஷம் வைக்கிறார்கள்" என்ற சந்தேகத்தில் இருப்பவருக்கு இந்த எரிச்சலே சாட்சியாகிவிடலாம். அப்புறம் அசல் மாத்திரையையும் துப்புவார். எரிச்சல் வேண்டாமென்று மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவது அதைவிட மோசம், கல்லீரலைத் தாக்குவதில் பேர்போனது அதுதான். பி3இன் இன்னொரு வடிவமான நியாசினமைடில் சிவப்பு வராது, ஆனால் கிராம் கணக்கில் குமட்டலும் கல்லீரல் கோளாறும் வரலாம். மனச்சிதைவுக்குத் தரும் ஓலான்சபின் ஏற்கெனவே ரத்தச் சர்க்கரையை ஏற்றும், நியாசினும் ஏற்றும். யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்கள், அல்சர் உள்ளவர்கள் பக்கமே போகக் கூடாது.

பி6 அதிகமானால் பாதத்தில் மதமதப்பு தொடங்கும், நடை தள்ளாடும். பல டப்பாக்களில் ஒளிந்திருப்பதைக் கூட்டிப் பாருங்கள்: மல்டிவைட்டமினில் கொஞ்சம், பி காம்ப்ளெக்ஸில் கொஞ்சம்.

டாக்டர் சம்மதித்தால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வைட்டமின். அந்த நாட்களில் வேறு எதையும் மாற்றாதீர்கள். தூக்கம், குரல் கேட்பது, குளிப்பது, பேச்சு என நான்கையும் தினம் ஒரு வரியாக நோட்டில் எழுதுங்கள். சர்க்கரை, கல்லீரல் பரிசோதனைகளை, வைட்டமினைத் தொடங்கும் முன்னும் பின்னர் டாக்டர் சொல்லும் நாட்களிலும் எடுங்கள். டப்பாவில் பயோட்டின் (இதுவும் ஒரு பி வைட்டமின்) இருந்தால் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், தைராய்டு ரிசல்ட்டையே அது புரட்டிவிடும். இரண்டு இரவு தூக்கம் போனாலோ, சந்தேகப் பேச்சு கூடினாலோ நோட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.