அம்மாவால் நிரப்ப முடிகிற படிவம்

இணையப் படிவம் ஒன்றைச் செய்து முடித்தால் உடனே வெளியிட்டுவிடாதீர்கள். அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். படிவங்களுக்கு நிரல் எழுதுவதுதான் என் தொழில். நான் என் அம்மாவிடம்தான் முதலில் கொடுப்பேன். அவர் விரல் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்வேன்.

சோதனைக்கு யாருடைய உண்மையான ஆதார் எண்ணும் வேண்டாம். அட்டையில் இருப்பதுபோலவே நான்கு நான்கு இலக்கமாகப் பிரித்து, ஒரு பொய் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அம்மா நான்கு இலக்கங்களை முணுமுணுத்துக்கொண்டே தட்டினார், தாளைப் பார்த்தார், அடுத்த நான்கு. நான் செய்த கட்டமோ எல்லாவற்றையும் ஒட்டிக் காட்டியது. எட்டாவது இலக்கத்தில் தடம் தவறி, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

மனம் ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஏழு பொருள்களைத்தான் பிடித்து வைத்திருக்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். பிந்தைய ஆய்வுகள் அதையும் நான்கு அளவுக்குக் குறைத்தன. ஆகவே எண்ணை நான்கு நான்காகக் காட்டுங்கள். இடைவெளி விட்டுத் தட்டினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதை நீக்க ஒரு வரி நிரல் போதும்.

அடுத்தது பொத்தான். கை ஓர் இலக்கை எட்டும் நேரம் தூரம் கூடினால் கூடும், இலக்கு அகலமானால் குறையும் என்று 1954இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் அளந்து காட்டினார். 'சமர்ப்பி' கட்டைவிரல் எட்டும் இடத்தில் அகலமாக இருக்கட்டும். 'அழி' அதன் பக்கத்திலேயே வரக்கூடாது.

மில்லர், ஃபிட்ஸ் இருவரும் மனிதரை அளக்க எடுத்துக்கொண்ட அலகு 'பிட்', அதாவது ஆம்-இல்லை என்ற ஒரு தெரிவு தரும் தகவலின் அளவு. 1948இல் கணிதவியலாளரும் பொறியாளருமான கிளாட் ஷானன் செய்தித்தொடர்புக்காக வகுத்த கோட்பாட்டின் அலகு அது. பொறியியலிடம் உளவியல் வாங்கிய கடன், பொத்தானின் அகலமாக நம் திரைக்கே திரும்பியிருக்கிறது. எனக்கு இது இன்றும் வியப்புதான்.

பிழைச் செய்தியில்தான் அதிகக் கவனம் வேண்டும். 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் வந்ததும் அம்மா கைபேசியைக் கீழே வைத்துவிட்டார். “எதையோ கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது” என்றார். அவர் எதையும் கெடுக்கவில்லை. பின்கோடில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருந்தது. அதையே எழுதுங்கள்: 'பின்கோடில் 6 இலக்கங்கள் வேண்டும், ஒன்று குறைகிறது.' அந்தக் கட்டத்துக்குக் கீழேயே எழுதுங்கள். நிரப்பிய மற்றவற்றைத் தொடாதீர்கள். ஒரு பிழைக்காக எல்லாக் கட்டங்களையும் வெறுமையாக்கும் படிவத்தை என்னால் மன்னிக்க முடியாது.

திருத்திய பிறகு அதே ஆளிடம் கொடுத்துப் பயனில்லை. அவருக்கு வழி பழகியிருக்கும். நான் எதிர்வீட்டுப் பாட்டியிடம் கொண்டுபோனேன். நான்கு இலக்கம் தட்டினார். இடைவெளி தானாக விழுந்தது. தாளில் விரலை நகர்த்தி அடுத்த நான்குக்குப் போனார்.