கடலூரில் ஒரு சனி ஞாயிறு: சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகாதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள்

வெளிநாட்டிலிருந்து வேலை விஷயமாகச் சென்னைக்கு வரும் நம்மவர்களுக்கு நடுவில் ஒரு சனி ஞாயிறு கிடைக்கும். ஊர் கடலூர்ப் பக்கம், புதுச்சேரிப் பக்கம் என்றால் அந்த இரண்டு நாளும் வீடு வீடாக ஏறி இறங்குவதிலேயே போய்விடும். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். மஞ்சக்குப்பத்தில் அத்தை வீடு, முதுநகரில் சித்தப்பா வீடு, நெல்லிக்குப்பத்தில் பெரியம்மா வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காபி, ஒரு தட்டு மிக்சர், "எப்ப வந்த, எப்ப கெளம்புற" என்று இரண்டே கேள்வி. மூன்றாவது கேள்வி வருவதற்குள் அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துவிடும்.

ஒருமுறை ஆயா, அதாவது என் பாட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ்ளோ தூரத்துலேருந்து வர்ற, ஒரு வேளை எங்ககூட உக்காந்து சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த பயணத்திலிருந்து முறையை மாற்றிவிட்டேன். வீடுகளுக்குப் போவதில்லை. ஒரு வண்டி பிடித்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இரண்டு நாளில் நான்கு வேளையாவது ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும், அதுதான் கணக்கு. கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் என் பெரியம்மா பிச்சாவரம் பார்த்தது போன வருடம்தான். ஊரில் இருப்பவர்களை யாரும் ஊர் சுற்றக் கூட்டிப் போவதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

முதலில் காகிதங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு, ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இல்லாமல் அலுவலகக் கூட்டத்துக்கு வருபவர்கள் இ-பிசினஸ் விசா எடுத்து வாருங்கள். சுற்றுலா விசாவில் வந்து கூட்டத்தில் உட்காருவது வேண்டாத தலைவலி. விடுதியில் தங்கினால் பாஸ்போர்ட்டும் விசா அல்லது ஓசிஐயும் அசலாகவே கையில் இருக்க வேண்டும், உடன் தங்கும் சொந்தக்காரர்களின் ஆதாரையும் கேட்பார்கள். பணத்துக்கு யுபிஐ இருந்தால் பெரிய நிம்மதி. வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஈ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு இருந்தால் சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் கைபேசி எண்ணோடே யுபிஐ இயங்கும். உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று புறப்படுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஆனாலும் மீன் கூடை முன்னால் நிற்கும்போது நூறு, ஐம்பது நோட்டாகக் கொஞ்சம் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து கிளம்புவதற்கு வெள்ளிக்கிழமை மாலைதான் சரி. உங்கள் அலுவலகம் ஓஎம்ஆர் பக்கம் என்றால் பாதி வேலை முடிந்தது, கேளம்பாக்கத்தில் திரும்பிக் கோவளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிடலாம். மரக்காணம் உப்பளங்களை இருட்டுவதற்கு முன் கடந்தால் கண்ணுக்கு விருந்து. விமான நிலையத்திலிருந்து நேராக வருபவர்களுக்குக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் பக்கம். ரயில் என்றால் ஒன்றை மறக்காதீர்கள்: ஊருக்கு இரண்டு ஸ்டேஷன் உண்டு. பேருந்து நிலையத்தை ஒட்டி இருப்பது திருப்பாதிரிப்புலியூர், முதுநகரில் துறைமுகத்துப் பக்கம் இருப்பது கடலூர் துறைமுகம் சந்திப்பு. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்து வீட்டுக்குச் சொல்லுங்கள். சித்தப்பா ஒரு ஸ்டேஷனிலும் நான் இன்னொன்றிலும் இரவு பதினோரு மணிக்கு நின்றது உண்டு.

எங்கே தங்குவது? இளவட்டங்கள் மட்டும் என்றால் புதுச்சேரியில் பழைய பிரெஞ்சு வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கும். பெரியவர்கள் கூட வருகிறார்கள் என்றால் படம் பார்த்து ஏமாறாதீர்கள். அப்படி ஒன்றில் அறை எடுத்துவிட்டு, செங்குத்தான மரப்படிக்கட்டில் ஆயாவை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஏறினோம். ஏற்றிவிட்ட பிறகு அவர் கீழே இறங்கவே பயந்துவிட்டார், கடற்கரைச் சாலையை ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்க முடியவில்லை. தரைத்தள அறையா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, லிப்ட் உண்டா என்ற மூன்றையும் போனிலேயே கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் கடலூரிலேயே தங்குவது நல்லது. புதுச்சேரி முக்கால் மணி நேரத் தூரம்தான், வீட்டுச் சமையலறையும் பக்கத்தில் இருக்கும்.

வண்டிக்கு பன்னிரண்டு பேர் உட்காரும் டெம்போ டிராவலர் போதும். வாடகை பேசும்போதே புதுச்சேரி பெர்மிட் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கட்டாயம் வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் படி முழங்கால் வலிக்காரர்களுக்கு எட்டாது. முக்காலி இருந்தால் ஆயா யார் கையையும் எதிர்பார்க்காமல் ஏறி இறங்குவார், போகும் இடமெல்லாம் உற்சாகமாக வருவார்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு முதுநகர் மீன்பிடித் துறைமுகம். இதைத் தவறவிடவே கூடாது. படகுகள் வந்து அணைந்ததும் ஏலம் தொடங்கிவிடும். மொத்தமாக எடுப்பவர்களுக்கு நடுவில் நாம் போய் நிற்க முடியாது. சற்றுத் தள்ளிக் கூறு கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் போக வேண்டும். என் சித்தி அங்கே போனால் வேறு ஆளாகிவிடுவார். முதலில் எதையும் வாங்காமல் ஒரு சுற்று நடப்பார். பிறகு குனிந்து, சங்கராவின் செவுளைக் கட்டை விரலால் தூக்கிப் பார்ப்பார். ரத்தச் சிவப்பாக இருந்தால் அடுத்தது கண், கண் குழி விழாமல் பளிச்சென்று இருந்தால் கடைசியாக வயிற்றில் ஓர் அழுத்து. விரல் பட்ட குழி உடனே மேலே வந்துவிட வேண்டும். "இது நேத்து ராத்திரி மீனு, அத எடு" என்று பக்கத்துக் கூற்றைக் காட்டினால் விற்பவரும் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தருவார். குழம்புக்குச் சங்கராவோ கொடுவாவோ, வறுக்க வஞ்சிரம், பிள்ளைகளுக்கு நெத்திலி. சுத்தம் செய்து வெட்டித் தரப் பக்கத்திலேயே அரிவாள்மனையோடு பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பள்ளி விடுமுறையென்று மே மாதம் வருபவர்களுக்குத் துறைமுகம் வெறிச்சோடித்தான் இருக்கும். நாட்டுப் படகுக்காரர்கள் கொண்டுவருவது கொஞ்சம் கிடைக்கும், விலை கூடுதல். அந்த மாதங்களில் வருபவர்களுக்கு ஆறுதல் பண்ருட்டிப் பலா. அப்போதுதான் அதற்குப் பருவம், சாலையோரம் குவித்து வைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து சமையல். எங்கள் பக்கத்து மீன் குழம்புக்கு வடகம் தாளிக்காவிட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் இடித்துக் கலந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, வெயில் காலத்தில் நாள்கணக்கில் காய வைத்த உருண்டை. கடைசியில் அதில் கொஞ்சம் உதிர்த்து எண்ணெயில் போட்டதும் எழும் வாசனை தெருமுனை வரை போகும். இதே வடகம்தான் புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குப் போய் 'வடூவான்' என்ற பெயரில் மசாலாத் தூளாக விற்கிறது. பாரீசில் இருக்கும் சித்தப்பா மகள் அதை அங்கே கடையில் பார்த்துவிட்டுச் சித்திக்குப் படம் அனுப்பினாள். சித்தி முகர்ந்து பார்க்க முடியாததால் இன்னும் நம்பவில்லை. உங்கள் பிள்ளைகளை இந்தச் சமையலறையில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். குழம்பில் பாதியை எடுத்து ஒதுக்கி வையுங்கள், ஞாயிறு காலை இட்லிக்கு அதுதான் ருசி.

சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, நாலரைக்கு மேல் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில். நடுப்பகலில் போனால் நடை சாத்தியிருக்கும். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட, அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரைக் கரை சேர்த்த ஊர் இது. அவர் கரையேறிய இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையை ஆயா வாயால் கோயில் பிராகாரத்திலேயே சொல்ல வையுங்கள். அங்கிருந்து தேவனாம்பட்டினம் சில்வர் பீச். மணலில் உட்காருங்கள், கால் நனையுங்கள், நீந்த இறங்காதீர்கள். இந்தக் கரை முழுக்க அலையின் இழுப்பு பொல்லாதது. 2004 சுனாமியில் இந்த ஊர் கொடுத்த உயிர்கள் எத்தனையோ, அதைப் பார்த்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு திசை. தெற்கே சிதம்பரமும் பிச்சாவரமும், மேற்கே வடலூர், வடக்கே புதுச்சேரி. மூன்றில் இரண்டைச் சேர்க்க நினைத்தால் வண்டிக்குள்ளேயே நாள் முடிந்துவிடும்.

தெற்கு என்றால் பிச்சாவரத்தில் காலை வெயில் ஏறுமுன் படகேறிவிடுங்கள். துடுப்புப் படகுதான் சுரபுன்னைக் காட்டின் குறுகிய கால்வாய்களுக்குள் நுழையும். பிறகு சிதம்பரத்தில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும்.

நான் அதிகம் போவது வடலூர். வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. யார் போனாலும், என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். பக்கத்தில் எண்கோண வடிவில் சத்திய ஞான சபை. கொலை, புலை (புலால் உண்பது) தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்று வாசலில் எழுதியிருக்கும். முந்தின நாள் மீன் சாப்பிட்ட நாங்கள் வெளியே நின்றே கும்பிட்டோம். அத்தை மட்டும் சைவம், அவர் உள்ளே போய் வந்தார். ஆனால் தருமச்சாலையில் எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்தோம். பசித்து வந்தவர்களிடம் அங்கே ஒரு கேள்வியும் கிடையாது. பரிமாறியவர் ஆயாவிடம் "இன்னும் கொஞ்சம் சாதம் வச்சிக்கம்மா" என்று கேட்ட குரலில் ஆயா கண் கலங்கிவிட்டார். நன்கொடை கொடுக்க நினைத்தால் அங்கே ரசீது போட்டே வாங்கிக்கொள்வார்கள். தைப்பூசத்தன்று கூட்டம் அலைமோதும், முதியவர்களோடு போக வேறு நாள் பாருங்கள்.

புதுச்சேரிக்குப் போவதென்றால் பிற்பகலில் கிளம்புங்கள். போகிற வழியில் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகுத்துறை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் ரோமானிய வணிகம் நடந்த அரிக்கமேட்டுக்குத் திரும்பலாம், ஆனால் 1945-ல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டிய இடத்தில் இப்போது கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். 1908 முதல் 1918 வரை பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்தார், அவர் குடியிருந்த ஈசுவரன் தருமராஜா கோயில் தெரு வீட்டைப் பார்க்காமல் வராதீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் தடியூன்றி நடப்பவர்கள்கூடப் பயமில்லாமல் நடக்கலாம். காந்தி சிலைக்கு எதிரே இடம் பிடித்து எல்லாரும் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் உண்டு, துணிமணி மலிவு.

ஒரு எச்சரிக்கை. புதுச்சேரியில் மது விலை குறைவு என்று யாராவது இரண்டு பாட்டிலை வண்டியில் வைக்கப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் கொண்டுவருவது குற்றம், ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் வண்டியையே நிறுத்திவிடுவார்கள். பெண்களும் குழந்தைகளும் இருக்கும் வண்டியில் அந்த வேலை கூடாது என்று கிளம்பும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

எந்த மாதம் வருவது? ஜனவரி முதல் மார்ச் வரை. தை ஐந்தாம் நாள் வந்தால் பெண்ணையாற்றங்கரையில் ஆற்றுத் திருவிழா, மணலில் கடைகள், குவியல் குவியலாகச் சிறுவள்ளிக் கிழங்கு. மாசிமகத்தன்று சுற்றுவட்டாரத்து சாமிகளெல்லாம் தேவனாம்பட்டினத்துக்கும் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கும் கடலாட வரும். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததெல்லாம் இந்தப் பக்கம்தான். அந்த மாதங்களில் வரத்தான் வேண்டும் என்றால் திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோக முந்திரி, வடகம். முந்திரியைப் பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூரில் வாங்கலாம், உடையாத முழுப்பருப்பாகப் பார்த்துக் காற்று நீக்கிய பாக்கெட்டில் கேளுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் உணவு எதுவானாலும் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் குறித்துவிடுங்கள்.

ஞாயிறு மாலை சென்னைக்குத் திரும்ப வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். இரவு வீட்டிலேயே படுத்து, திங்கள் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக் கூட்டத்துக்குப் போய்விடலாம். சித்தி மூன்று மணிக்கே எழுந்து தூக்குவாளியில் எலுமிச்சை சாதம் கட்டி வைத்திருப்பார். வண்டி ஏறும்போது ஆயா வாசலில் அந்த முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். "அடுத்த தடவ எந்தப் பக்கம்?" என்றுதான் இப்போதெல்லாம் கேட்கிறார்.