‘சூனர் மாநிலம்’: ஓக்லஹோமாவின் பட்டப்பெயரைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஓக்லஹோமாவுக்குச் ‘சூனர் மாநிலம்’ என்று பெயர். முதலில் குடியேறிய துணிச்சல்காரர்களைப் பாராட்டி வைத்த பெயர் இது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். பெரிய தவறு அதுதான். சட்டத்தை மீறி முந்திக்கொண்டவர்களுக்கு விழுந்த வசைப்பெயர் அது.

1889 ஏப்ரல் 22. சுமார் 20 லட்சம் ஏக்கர் நிலத்தை அரசு குடியேற்றத்துக்குத் திறந்துவிட்ட நாள். பகல் 12 மணிக்குத்தான் எல்லை திறக்கும்; அதன்பின் ஓடிப்போய் முதலில் முளையடித்தவர் 160 ஏக்கர் வரை உரிமை கோரலாம். ஆயிரக்கணக்கானவர்கள் குதிரையிலும் வண்டியிலும் எல்லையில் காத்திருந்தார்கள். ஆனால் சிலர் முன்கூட்டியே உள்ளே புகுந்து, ஓடைப் பள்ளங்களிலும் புதர்களிலும் பதுங்கியிருந்தார்கள். நேர்மையாக ஓடி வந்தவர் மூச்சு வாங்க இறங்கிப் பார்த்தால், அங்கே ஏற்கெனவே ஒருவர் நிற்பார். அவர்தான் ‘சூனர்’, நேரத்துக்கு முன்பே வந்தவர்.

சரி, சூனர்கள் எல்லாரும் பதுங்கியவர்களா? அதுவும் தவறு. ரயில்பாதை வேலைக்காக முறையான அனுமதியோடு உள்ளே இருந்த ஒரு தொழிலாளி, மணி 12 ஆனதும் தண்டவாளத்தை ஒட்டிய நிலத்துக்கு உரிமை கோரினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலைக்காக உள்ளே இருந்தது குற்றமில்லை. ஆனால் அந்த வசதியைக் கொண்டு நிலத்தைப் பிடிக்க முடியாது என்று 1893-இல் தீர்ப்பு வந்தது. அந்தப் பெயரின் முழுப் பொருளும் இந்த வழக்கில்தான் இருக்கிறது என்பேன்.

‘பூமர்’களையும் இவர்களையும் ஒன்றாக்க வேண்டாம். நிலத்தைத் திறந்துவிடச் சொல்லி 1880-களில் போராடியவர்கள் பூமர்கள். அத்துமீறிக் குடியேறியபோதெல்லாம் ராணுவம் அவர்களை வெளியேற்றியது. அவர்களின் தலைவர் டேவிட் பெய்ன் 1884-லேயே இறந்துவிட்டார்; அந்த ஓட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் முழக்கம் இரண்டு சொற்களையும் சேர்த்தே ஒலிப்பதால் வரும் குழப்பம் இது. 1908-இல் அதன் அமெரிக்கக் கால்பந்து அணி ‘சூனர்ஸ்’ ஆன பிறகுதான் வசைப்பெயர் மெல்லப் பெருமையாக மாறியது.

கடைசியாக ஒன்று, என்னை மிகவும் உறுத்துவது. அந்த இடத்துக்கு அப்போது ‘ஒதுக்கப்படாத நிலங்கள்’ என்று பெயர். அதை ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்று எழுதாதீர்கள். மஸ்கோகி, செமினோல் மக்களிடமிருந்து 1866 ஒப்பந்தங்களின் மூலம் அரசு எடுத்துக்கொண்ட நிலம் அது. வேறு பழங்குடியினரைக் குடியமர்த்தத்தான் என்று அப்போது சொன்னார்கள்.