"டாப் 100-க்குள்ள வருதா?": தரவரிசையை வைத்து வாதாடுபவர்கள் செய்யும் தவறுகள்

மேற்படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்று போன வாரம் என் அறையில் இறுதியாண்டு சிவில் மாணவிகள் இருவர் கிட்டத்தட்டச் சண்டையே போட்டார்கள். "அது நூத்திப்பத்து, இது இருநூறு. இதுல யோசிக்க என்னடி இருக்கு?" என்றாள் ஒருத்தி. மற்றவள் பதில் சொல்லத் தெரியாமல் என் மேசையில் கிடந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். 2008-இல் நானும் வீட்டில் இதே வேகத்தோடுதான் பேசினேன். மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருபவர்கள் வருடம் தவறாமல் அதே இடங்களில் சறுக்குகிறார்கள். போலிப் பல்கலைக்கழகம், ஏஜென்ட் கமிஷன் பற்றியெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தப் பட்டியல் என்று சொல்லாமல் பேசுவது

மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசைப் பட்டியலின் 2024 ஒட்டுமொத்தப் பிரிவில் ஐஐடி மெட்ராஸ் முதலிடம், ஐஐடி பாம்பே மூன்றாமிடம். அதே ஆண்டு ஜூனில் பிரிட்டனின் க்யூஎஸ் நிறுவனம் வெளியிட்ட உலகப் பட்டியலில் பாம்பே 118, மெட்ராஸ் 227. ஆளுக்கொரு பட்டியலைப் பிடித்துக்கொண்டு விடிய விடியப் பேசலாம். இருவர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும். க்யூஎஸ்ஸில் கல்வியாளர்களிடமும் வேலை கொடுப்பவர்களிடமும் கருத்துக் கேட்டுப் போடும் மதிப்பெண்ணே 45 சதவீதம். என்ஐஆர்எஃப்பில் அப்படிப்பட்ட மதிப்புக்கு 10 சதவீதம்தான். கற்பித்தல் வசதிகளுக்கும் ஆராய்ச்சிக்கும் தலா 30. சீனாவிலிருந்து வரும் ஷாங்காய் உலகப் பட்டியலோ நோபல், ஃபீல்ட்ஸ் பரிசுகளுக்கே 30 சதவீதம் ஒதுக்குகிறது.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் பிரிட்டனின் டைம்ஸ் நாளிதழ் வழிகாட்டியில் ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் தாண்டி முதலிடம் பிடித்தது. க்யூஎஸ்ஸில் அப்போது அதன் இடம் 50. எண்ணைச் சொல்வதற்கு முன்னால் பட்டியலின் பெயரையும் ஆண்டையும் சொல்லுங்கள். பாதி வாதம் அங்கேயே அடங்கிவிடும்.

ஒரு வருடத்து ஏற்ற இறக்கத்தைத் தரம் என்று நினைப்பது

2023-இல் க்யூஎஸ் தன் கணக்கையே மாற்றியது. ஆசிரியர்-மாணவர் விகிதத்துக்கு இருந்த 20 சதவீதம் 10 ஆனது. வேலைவாய்ப்பு, நிலைத்தன்மை என்று புதிய தலைப்புகள் சேர்ந்தன. வகுப்பறையில் ஒரு நாற்காலிகூட நகராமலே ரேங்க் நகரும் என்பது இதுதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் யுஎஸ் நியூஸ் பட்டியலில் 2021-இல் இரண்டாமிடத்தில் இருந்த கொலம்பியா, மறு வருடம் 18-க்கு இறங்கியது. பல்கலைக்கழகம் கொடுத்த தரவுகள் சரியில்லை என்று அங்கேயே கணிதப் பேராசிரியராக இருக்கும் மைக்கேல் தாடியஸ் விரிவாக எழுதினார். வகுப்பின் அளவு உட்படச் சில கணக்குகள் தவறு என்று நிர்வாகமும் பிறகு ஒப்புக்கொண்டது.

ஒட்டுமொத்த ரேங்கை நம் துறையின் ரேங்காக எடுத்துக்கொள்வது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்கு நிலத்தடி நீர் படிக்க ஆசை. எங்கள் ஊரில் கிணறுகள் வற்றி, போர் நானூறு அடி, அறுநூறு அடி என்று இறங்கியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இரண்டு இடங்களிலிருந்து அட்மிட் வந்தது. ஒன்று பட்டியலில் கீழே இருந்த சின்னப் பல்கலைக்கழகம். அங்கே ஒரு பேராசிரியர் என் மெயிலுக்கு இரண்டு பத்தியில் பதில் எழுதி, தன் ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் இணைத்திருந்தார். மற்றது தொண்ணூறு இடம் மேலே. பட்டியலை பிரின்ட் எடுத்து, அந்த வரியில் மஞ்சள் கோடு போட்டு அப்பாவிடம் காட்டினேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நிலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனார்.

போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. நிலத்தடி நீருக்கென்று பட்டியலிட்டிருந்த மூன்று பாடங்களில் அந்த வருடம் நடந்தது ஒன்று மட்டும். நான் நம்பிப் போன பேராசிரியர் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. துறைப் பக்கத்தில் அவர் படம் மட்டும் அப்படியே இருந்தது. அந்தப் பல்கலைக்கழகம் ஏமாற்றவில்லை. அதன் மருத்துவப் பள்ளியும் இயற்பியல் துறையும் பேர்பெற்றவை. அவைதான் அதை மேலே தூக்கி நிறுத்தியிருந்தன. அவற்றால் எனக்கு ஒரு பயனும் இல்லை. கடைசியில் கான்கிரீட் பற்றி தீசிஸ் எழுதினேன். 2016 வரை கடனுக்குத் தவணை கட்டினோம்.

சிவில் இன்ஜினியரிங்கில் அமெரிக்காவின் முன்வரிசையில் நிற்பது அர்பானா-ஷாம்பெய்னில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகம். யுஎஸ் நியூஸ் ஒட்டுமொத்தப் பட்டியலில் சில ஆண்டுகளாக அது முப்பதுக்கு அப்பால்தான் வருகிறது. அப்படியென்றால் "டாப் 30 மட்டும்" என்று வடிகட்டும் சிவில் மாணவர் தன் துறையின் ஆகச் சிறந்த இடங்களில் ஒன்றையே தூக்கிப் போடுகிறார்.

துறைவாரிப் பட்டியலைப் பாருங்கள். ஆனால் அதோடும் நிறுத்தாதீர்கள். கடந்த இரண்டு செமஸ்டர்களில் எந்தெந்தப் பாடங்கள் உண்மையில் நடந்தன என்று பல்கலைக்கழகத்தின் கால அட்டவணையில் தேடுங்கள். உங்கள் பிரிவின் பேராசிரியர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா, கடைசியாக எப்போது கட்டுரை எழுதினார்கள், புது மாணவர்களை எடுக்கிறார்களா என்று பாருங்கள். இப்போது அங்கே படிக்கும் ஒருவருக்காவது எழுதுங்கள். ஒரு வார வேலை. அந்த ஒரு வாரத்தை நான் ஒதுக்கவில்லை.

போன வருடம் ஒரு பையன், கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்த இடத்தை விட்டுவிட்டு, அறுபது இடம் மேலே இருந்த வேறொன்றுக்குப் போனான். அவன் படிக்க விரும்பிய பிரிவு அவன் விட்டுவிட்ட இடத்தில்தான் பெரிதாக இருந்தது. இரண்டு மணி நேரம் பேசிப் பார்த்தேன். "சொந்தக்காரங்க கேட்டா என்ன மேடம் சொல்றது?" என்றான். சொந்தக்காரர்கள் யாரும் அவன் தவணையைக் கட்டப் போவதில்லை என்று அன்று கொஞ்சம் குரல் உயர்த்தியே சொன்னேன்.

பெயரைக் குழப்பிக்கொள்வது

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வேறு, பென்சில்வேனியா ஸ்டேட் வேறு. சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம் வேறு, செயின்ட் லூயிஸில் இருப்பது வேறு.

அண்ணா பல்கலைக்கழக ரேங்கை இணைப்புக் கல்லூரிக்குக் கொடுப்பது

டிகிரியில் ஒரே பெயர்தான் இருக்கும். ஆனால் அந்த ரேங்க் நானூறுக்கும் மேற்பட்ட இணைப்புக் கல்லூரிகளுக்குச் சொந்தமில்லை. நீங்கள் சேரப்போகும் கல்லூரியின் பெயரைத் தனியாகத் தேடுங்கள்.

பட்டியலில் இல்லாததை மட்டம் என்பது

மெட்ராஸ், பாம்பே, டெல்லி உட்பட ஏழு ஐஐடிகள் 2020-இல் டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் என்ற இன்னொரு உலகப் பட்டியலுக்குத் தகவல் தருவதில்லை என்று தாங்களாகவே முடிவெடுத்தன. அதில் அவற்றின் பெயர் இல்லாமல் போனதற்குத் தரம் காரணமில்லை.