ஊழியப் பயணம் புறப்படும் தம்பி தங்கைகளே, இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் ஈரோட்டில் எங்கள் சபை வாலிபர் குழுவை வழியனுப்பும் ஜெபக் கூட்டம் நடந்தது. ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் மால்தோ என்ற பழங்குடி மக்கள் வாழும் மலைக் கிராமங்களுக்குப் பத்து நாள் பயணம். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு தம்பி சொன்னான்: "தண்ணி டேங்க் ஒண்ணு கட்டிக் குடுத்தர்றோம்னு அந்த ஊர்ல சொல்லீட்டு வந்தர்லாமுங்கண்ணா."

எனக்கு டீ உள்ளே இறங்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட இதையேதான் நானும் சொன்னேன். டார்ச், கொசுவலை, மாற்றுத்துணி எல்லாம் உங்களுக்குக் கொடுத்த பட்டியலில் இருக்கும். அதில் இல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

"பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள்

எனக்குச் சொந்த ஊர் திருச்செங்கோடு. எங்கள் பக்கத்து ரிக் வண்டிகள் போர் போடப் போகாத மாநிலம் இல்லை. என் மச்சானிடமும் ஒரு வண்டி இருந்தது.

நாங்கள் போன ஊர் ராஜ்மகால் குன்று ஒன்றின் உச்சியில் இருக்கிறது. தண்ணீருக்குக் கீழே ஊற்றுக்கு இறங்க வேண்டும். கடைசி நாள் சாயங்காலம் ஊர்ப் பெரியவர் என்னைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து, குடம் தூக்கி ஏறிவரும் பெண்களைக் காட்டினார். மனசு தாங்கவில்லை. "மச்சான்கிட்ட ரிக் இருக்குதுங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன்.

நம் ஊரில் "பார்க்கலாங்க" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல மனசு வராதபோது சொல்வது. என் பேச்சு தமிழிலிருந்து இந்திக்கும், இந்தியிலிருந்து மால்தோவுக்கும் போனது. போய்ச் சேரும்போது அதில் "பார்க்கலாம்" இல்லை, "போர் போடுவார்கள்" மட்டும்தான் இருந்தது. அன்று ராத்திரி வெகுநேரம் பாடினார்கள். விடைகொடுக்கும் பாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து மச்சானிடம் பேசினேன். ரிக் ஒரு லாரி, கம்பிரசர் ஒரு லாரி, இரண்டும் ஏறப் பாதை வேண்டும். ஏறினாலும் அந்தக் கரும்பாறை உச்சியில் தண்ணீர் கிடைக்கும் என்று யார் சொன்னது என்று கேட்டான். சரி, ஆகாது என்று விட்டுவிட்டேன். அங்கே யாருக்கும் தகவல் சொல்லவில்லை. இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அடுத்த வருஷம் போனபோது அடிவாரத்திலிருந்து பாதி மலை வரை புதரை வெட்டி, கல்லைப் புரட்டி, லாரி வருகிற அகலத்துக்குப் பாதை போட்டிருந்தார்கள். காட்டு வேலையை விட்டுவிட்டு நாள் கணக்கில் ஊரே சேர்ந்து செய்த வேலை. பெரியவர் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஓரிடத்தைக் காட்டினார். நான்கு கல்லைச் சதுரமாக நட்டு, சுண்ணாம்பு பூசி வைத்திருந்தார். அந்த இடத்தில்தான் போர் வர வேண்டுமாம். ஆடு மாடு மிதிக்காமல் சுற்றிலும் முள் வேறு வெட்டிப் போட்டிருந்தார்.

அங்கேயே குடியிருந்து ஊழியம் செய்கிற திருநெல்வேலிக் குடும்பத்து அக்கா தனியாக வந்து சொன்னார்: "நீங்க போயிருவீங்க தம்பி. தினமும் கேக்குறவங்களுக்கு நாங்கல்லா பதில் சொல்லணும்." அந்த மழைக்காலத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று இவர்கள் கெஞ்சியும் அந்த வீட்டார் இரண்டு நாள் அசையவில்லை. உங்கள் ஆட்கள் சொன்னால் செய்ய மாட்டார்கள் என்றார்களாம். குழந்தை பிழைத்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்த இரண்டு நாளுக்கு நான் பொறுப்பு.

பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம்தான், வந்த நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: இப்போதைக்கு எது நடந்தால் உங்களுக்கு உபகாரம்? ஊற்றைச் சுற்றிச் சுவர் வேண்டும், ஆடுகள் இறங்கிக் கலக்குகின்றன என்றார்கள். ஆறு மூட்டை சிமென்ட், நாலு நாள் வேலை. அவர்களும் நாங்களும் சேர்ந்து கட்டினோம்.

யாராவது எதையாவது கேட்டால், "இதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, இங்கேயே தங்கி ஊழியம் செய்கிற அண்ணனிடம் பேசுங்கள்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

கையில் பொருள் கொடுப்பது

ஜார்க்கண்டில் 2017 முதல் மதச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. ஆசை காட்டி மதம் மாற்றினால் 3 ஆண்டு வரை சிறை. பழங்குடியினர் விஷயத்தில் 4 ஆண்டு வரை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜெபம் முடிந்த கையோடு நீங்கள் கொடுக்கும் போர்வை அன்பினால் கொடுத்ததாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் ரயில் ஏறிய பிறகு போலீஸ் ஸ்டேஷனில் நிற்கப்போவது அங்கேயே குடியிருக்கிற அண்ணன். எதைக் கொடுப்பதானாலும் அவரைக் கேட்டுக் கொடுங்கள்.

மாத்திரை

டாக்டர் கூட இல்லாவிட்டால் கொடுக்கவே கூடாது.

மொழி தெரிந்துவிட்டதென்று நினைப்பது

மால்தோவும் திராவிட மொழிதான். அங்கே "ஏன்" என்றால் நான், "நீன்" என்றால் நீ. முதல் நாள் கேட்கும்போது புல்லரிக்கும். அந்தச் சந்தோஷத்தில் தமிழைச் சத்தமாகப் பேசினால் புரிந்துவிடும் என்று நம்மவர்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள். புரியாது. பத்து வார்த்தை கற்றுக்கொண்டு போங்கள்.

பிள்ளைகளைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது

வேண்டாம்.

பத்து நாளில் பலன் தேடுவது

எத்தனை பேர் ஆண்டவரிடம் வந்தார்கள் என்று திரும்பி வந்ததும் சபையில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காக எண்ணிக்கை சேர்க்காதீர்கள். நம் கொல்லிமலையை நினைத்துப் பாருங்கள். இன்று 70 கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸில் உட்கார்ந்து ஏறுகிறோம். சாலை இல்லாத காலத்தில் அங்கே குடியேறியவர்கள் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும். அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்தார், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர். 1929இல் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் முதுமையிலும் மலை ஊழியத்தை விடவில்லை. 1974இல்தான் இறந்தார். நாம் போவது அப்படித் தங்கியிருப்பவர்களுக்குப் பத்து நாள் கைகொடுக்க.

திரும்பி வந்தபின்

தன்பாத் எக்ஸ்பிரஸில் ஈரோடு வந்து இறங்கியதோடு முடிந்துவிடாது. அந்தப் பக்கம் மலேரியாவும் உண்டு, மணல் ஈ கடித்து வரும் காலா அசார் என்ற காய்ச்சலும் உண்டு. வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாதீர்கள். சாகிப்கஞ்ச் போய் வந்தேன் என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லி, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.