முடக்குவாதம்: கண்டுபிடிப்பதும், அந்த வெள்ளிக்கிழமை மாத்திரையும்

கீழக்கரையில் கைகால் வீங்கினால் பழி கடல் காத்துக்குத்தான். என் உம்மாவுக்கும் அதையேதான் சொன்னார்கள். உப்புக்காத்து பாவம், உடம்பின் எதிர்ப்புசக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்குவதுதான் முடக்குவாதம்.

1. காலையில் கவனியுங்கள். சுபுஹுக்கு ஒளு எடுக்கும்போது பைப்பைத் திருக விரல் மடங்குகிறதா? ஒரு மணி நேரமாகியும் விறைப்பு விடவில்லை, இரண்டு மணிக்கட்டும் விரல்களின் அடிக்கணுவும் வீங்கியிருக்கிறது, ஆறு வாரமாக இதே கதை என்றால் தள்ளிப்போடாதீர்கள். சிக்குன்குனியாவுக்குப் பிறகும் இப்படி வலிக்கும், அதனால் காய்ச்சல் வந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. ரத்தப் பரிசோதனை. யூரிக் ஆசிட் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்; அது வேறு வியாதிக்கு. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., முடக்குவாதத்துக்கென்றே பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. எல்லாம் பார்க்க வேண்டும். என் ஓட்டு கடைசியானதற்கு. ஆனால் எல்லாம் நெகட்டிவ் என்றாலும் நோய் இருக்கலாம். மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். நாங்கள் மதுரைக்குப் போனோம்.

3. மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்தத் தரும் மாத்திரை. இங்கேதான் நிதானம் வேண்டும். இது வாரத்துக்கு ஒரே நாள் மட்டும். எங்களுக்கு மருந்துக்கடைக் கவரில் ‘காலை 1’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அதை நம்பித் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. கூடவே தரும் ஃபோலிக் ஆசிட்டும் பல கம்பெனிகளில் அதே போலச் சின்ன மஞ்சள் மாத்திரைதான். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஏழு அறை டப்பாவை நான் நம்புவதில்லை. தினசரி காலண்டரின் வெள்ளிக்கிழமைத் தாள்களில் மட்டும் சிவப்பு மையில் ‘மெ’ என்று எழுதிவிட்டேன். மாத்திரை போட்டதும் உம்மா அந்த எழுத்தைக் கோடு போட்டு அடித்துவிடுவார்.

தெரியாமல் தினமும் போட்டிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தாலும் அப்படியே. கர்ப்பத்துக்குத் திட்டமிடுவோர் இதைச் சாப்பிடக் கூடாது.

4. பொறுமை. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை வலிமாத்திரை வலியைத்தான் குறைக்கும், மூட்டு அரிப்பதை நிறுத்தாது. தைலம் தேய்ப்பதும் அப்படியே, சுகமாக இருக்கும், அவ்வளவுதான். ரத்த அணு, ஈரல், கிட்னி பரிசோதனைகளைச் சொன்ன தேதியில் எடுங்கள்.

பிற்சேர்க்கை: நோன்பு மாதத்தில் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். டாக்டரிடம் கேட்டு, உம்மா அந்த வெள்ளிக்கிழமை மாத்திரையை நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு போடுகிறார். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் நோன்புக்காக அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். முன்கூட்டியே கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.